அணைக்கப்படாத பெட்டி

மின்கட்டணம் எதிர்பார்த்ததைவிட மிகுந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் விசாரிக்கப்படுபவர்கள் மனிதர்கள்தாம். விளக்கை அணைக்காமல் உறங்கியவர் யார், ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டவர் யார் என்று கேள்வி எழும். விளக்கையும் விசிறியையும் யாரும் விசாரிப்பதில்லை. ஒரு கருவி உண்ணும் மின்சாரத்தின் அளவு அதனுடன் பிறந்த இயல்பு என்றே நாம் கொள்கிறோம். ஆனால் அந்த அளவு யாரோ சிலரால் தீர்மானிக்கப்பட்டது. அத்தீர்மானத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. வீட்டில் இரவும் பகலும் அணைக்கப்படாத பொருளான குளிர்சாதனப் பெட்டி அமெரிக்காவில் கடந்துவந்த பாதை இதற்கு நல்ல சான்று.

முதலில் அந்தப் பெட்டி மின்சாரத்தில்தான் இயங்க வேண்டும் என்பதே முடிந்த முடிவாக இருக்கவில்லை. 1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள், சிறு வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கும் முறையைக் கண்டறிந்தனர். எரிவாயுச் சுடரிலும் அது இயங்கும். மோட்டார் இல்லை, ஆகையால் ஓசையும் இல்லை. அமெரிக்காவில் சர்வெல் நிறுவனம் இதனைப் பல்லாண்டுகள் விற்றது. ஆனால் சந்தையை வென்றது மோட்டார் கொண்ட பெட்டி. வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இதன் காரணத்தை ஆராய்ந்திருக்கிறார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மின்சாதனங்களை மட்டுமன்றி, மின்நிலையங்களுக்கான இயந்திரங்களையும் விற்றுவந்தது. வீடுதோறும் ஒரு குளிர்சாதனப் பெட்டி ஓயாமல் இயங்கினால் மின்விநியோகம் செய்வோரின் வருவாய் பெருகும் என்பதை 1923ஆம் ஆண்டின் உள்ளறிக்கை ஒன்றிலேயே அந்நிறுவனம் கணக்கில் கொண்டிருந்தது. நள்ளிரவில் நம் சமையலறையிலிருந்து கேட்கும் அந்த மெல்லிய முனகலில் பழையதொரு வணிகக் கணக்கும் கலந்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் ஓர் அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 350 முதல் 400 யூனிட் மின்சாரத்தில் ஓடியது. 1970களின் தொடக்கத்தில் புதிய பெட்டியொன்றின் செலவு சுமார் 1,800 யூனிட்டாகிவிட்டது. பெட்டி பெரிதானது ஒரு காரணம் மட்டுமே. மின்சாரம் மலிவாக இருந்ததால் திறன் குறைந்த மலிவு மோட்டார்கள் பொருத்தப்பட்டன. உள்ளிடத்தை அகலமாக்கும்பொருட்டு வெப்பக்காப்புச் சுவர்கள் மெலிந்தன. மெலிந்த சுவரின் வெளிப்புறம் குளிர்ந்து வியர்த்தது. அந்த ஈரத்தைப் போக்க உற்பத்தியாளர்கள் கண்ட தீர்வு, கதவோரங்களில் சிறு மின்சூடேற்றிகளைப் பதிப்பது! தானாகப் பனி உருகுவதற்கு இன்னொரு சூடேற்றி. குளிர்விக்கவென்று வாங்கிய பெட்டி, தன் உடலைத் தானே சூடாக்கிக்கொண்டு, அச்சூட்டை வெளியேற்ற மேலும் மின்சாரம் உண்டது. இல்லத்தரசி எத்துணைச் சிக்கனமானவராயினும் இதில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் துகள் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் ரோசன்ஃபெல்ட், அதே ஆண்டு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வீடு திரும்புமுன் தம் தளத்தின் 20 அறைகளிலும் விளக்குகளை அணைக்க முற்பட்டார். அலமாரிகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் பின்னால் மறைந்திருந்த சுவிட்சுகளைத் தேடிக் கண்டுபிடிக்கவே 20 நிமிடங்களாயின. என்ரிகோ ஃபெர்மியின் மாணவரான அவர், அதன்பின் துகள்களை விட்டுச் சிக்கனத்தின் இயற்பியலுக்கு வந்துசேர்ந்தார். இளம் ஆய்வாளர் டேவிட் கோல்ட்ஸ்டீனுடன் சேர்ந்து அவர் குளிர்சாதனப் பெட்டிகளின் விலையையும் மின்செலவையும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. கூடுதல் விலை கொடுத்தவருக்குச் சிக்கனமான பெட்டி கிடைக்கவில்லை. மின்னை விழுங்கும் பெட்டி மலிவாகவும் இல்லை.

அக்காலத்தில் கலிஃபோர்னியாவில் சன்டெசர்ட் என்னும் அணுமின் நிலையத்துக்கு அனுமதி கோரப்பட்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டிகளுக்கு உச்சவரம்பு விதித்தாலே அந்நிலையம் தரவிருக்கும் மின்சாரத்துக்கு நிகராக மிச்சப்படுத்தலாம் என்று ரோசன்ஃபெல்ட் ஆளுநர் ஜெர்ரி பிரவுனிடம் எடுத்துரைத்தார். மாநிலம் விதிகளை இயற்றியது. சன்டெசர்ட் திட்டம் 1978இல் கைவிடப்பட்டது. 1987இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 1990, 1993, 2001 என வரம்புகள் படிப்படியாக இறுகின. 2001இல் புதிய பெட்டியின் சராசரிச் செலவு ஆண்டுக்குச் சுமார் 500 யூனிட்டாக இறங்கியிருந்தது. பெட்டி சிறுக்கவில்லை, பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் விலையும் குறைந்திருந்தது. நல்ல வெப்பக்காப்பு நுரை, திருந்திய கம்ப்ரெசர், சூடேற்றிகளின் குறைப்பு ஆகியவை போதுமானவையாக இருந்தன. யாரும் பாலைக் கெடவிடவில்லை, ஐஸ்கிரீமைத் துறக்கவுமில்லை.

விதி எட்டாத இடத்தில் என்ன நேரும் என்பதையும் அதே நாடு காட்டியது. அங்குள்ள இயற்கை வளப் பாதுகாப்பு மன்றம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதிவு வசதியுள்ள ஒரு செட்டாப் பாக்ஸும் அதற்குத் துணையான இன்னொன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 446 யூனிட் செலவழித்தன. சிக்கனமான புதிய குளிர்சாதனப் பெட்டி ஒன்றுக்கு வேண்டியது 415 யூனிட்தான். தொலைக்காட்சியை அணைத்த பின்னரும் செட்டாப் பாக்ஸ் ஏறத்தாழ அதே அளவில் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தது கேபிள் நிறுவனம். கட்டணம் செலுத்தியது வீடு. ஐரோப்பாவிலோ, பெரும்பாலான வீட்டுச் சாதனங்கள் அணைந்திருக்கும் நிலையில் 1 வாட்டுக்கு மேல் உண்ணலாகாது என்ற விதி 2010இலும், அரை வாட் என்ற வரம்பு 2013இலும் நடப்புக்கு வந்தன.

தேர்ந்தெடுப்பவர் ஒருவர், செலுத்துபவர் இன்னொருவர் என்னும் இந்தப் பிளவு நமக்கும் அந்நியமன்று. இந்தியாவில் மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2006இல் தொடங்கியது. சில வகைக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு அது 2010இல் கட்டாயமாயிற்று. ஆனால் எளிய வீடுகளிலும் சுழலும் மின்விசிறிக்கு 2023இல்தான் கட்டாயம் வந்தது. பழைய வகை விசிறி 75 வாட் கேட்கிறது; புதிய பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் ஓடினால் முன்னது இரண்டு மாதத்தில் 54 யூனிட், பின்னது 22 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டதை நினைத்தால், ஒரே ஒரு பழைய விசிறி அதில் பாதிக்குமேல் தின்றுவிடும் என்பது விளங்கும். வாடகை வீட்டில் விசிறியை மாட்டுபவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். மலிவான விசிறியையே வாங்க இயன்றவரோ, மிச்சம் பிடித்த விலையை ஆண்டுக்கணக்கில் தவணையாகச் செலுத்துகிறார்.

ரோசன்ஃபெல்ட் 2017இல் மறைந்தார். ஆண்டுக்கு 300 கோடி யூனிட் சேமிப்புக்கு, அதாவது 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றைத் தேவையற்றதாக்கும் சேமிப்புக்கு, ‘ஒரு ரோசன்ஃபெல்ட்’ என்று அறிவியலாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். கட்டப்படாத மின்நிலையத்துக்குத் திறப்பு விழாவும் கல்வெட்டும் இல்லை. ஆகவே அதனை அளக்க ஓர் அலகாவது வேண்டியிருந்தது போலும். விளக்கை அணைக்கச் சொல்லி நம் பிள்ளைகளைப் பழக்குவது நல்லதே. அதனினும் பெரிய மின்செலவு, அந்தப் பொருள் நம் வாசலுக்கு வருமுன்னரே முடிவாகிவிடுகிறது என்பதையும் அவர்களுக்கு நாம் சொல்லியாக வேண்டும்.