புள்ளி வைத்த போலீஸ்

ஒரு போலீஸ் ஸ்டேஷன் ஒழுங்காக வேலை பார்க்கிறதா, இல்லையா? எதை வைத்துச் சொல்வீர்கள்? எத்தனை பேரைப் பிடித்தார்கள் என்று எண்ணிவிடலாம். எத்தனை திருட்டைத் தடுத்தார்கள் என்று எப்படி எண்ணுவது? நடக்காத திருட்டுக்கு யார் புகார் கொடுப்பார்கள்?

இந்தத் தலைவலிக்கு மருந்து தேடியவர் ஜாக் மேப்பிள். நியூயார்க் சுரங்க ரயில் போலீஸில் லெப்டினென்ட். வில் டை, தொப்பி சகிதம் பழைய சினிமா நடிகர் மாதிரி இருப்பார். 1990-ல் அந்த நகரத்தில் 2,200-க்கும் மேல் கொலைகள். மேப்பிள் என்ன செய்தார்? சுவரில் 55 அடி நீளத்துக்கு ரயில் பாதை வரைபடங்களை ஒட்டினார். வழிப்பறி நடந்த இடத்திலெல்லாம் கிரேயானால் புள்ளி வைத்தார். எங்கே புள்ளி அதிகமோ, அங்கே போலீஸ். அவ்வளவுதான் சூத்திரம்!

1994-ல் வில்லியம் பிராட்டன் நகர போலீஸ் கமிஷனர் ஆனார். மேப்பிள், துணை கமிஷனர். சுவர் வரைபடம் கம்ப்யூட்டருக்குள் போனது. பெயர், காம்ப்ஸ்டாட். வாரம் இரண்டு முறை, காலங்கார்த்தாலே தலைமையகத்தில் மீட்டிங். திரையில் புள்ளிகள், எதிரே அந்த ஏரியா அதிகாரி. ஏன் கூடியது, என்ன செய்தீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. திருதிருவென்று விழித்தால், பதவி காலி.

1993-ல் 1,900-ஐத் தாண்டியிருந்த கொலைகள், 1998-ல் சுமார் 630. அடேயப்பா! ஆனால், வேறு வழியில் போன சான்டியாகோவிலும் அதே காலத்தில் குற்றம் சரசரவென்று இறங்கியது. அதனால், முழுப் பெருமையும் காம்ப்ஸ்டாட்டுக்குத்தானா என்ற பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.

ஒரு கடை முதலாளி கணக்கை அழகாக்க இரண்டு வழி உண்டு. நஷ்டத்தை மறைக்கலாம், வியாபாரத்தை ஊதிக் காட்டலாம். போலீஸுக்கும் அதேதான். புரூக்ளினின் 81-வது சரகத்தில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற காவலர், மேலதிகாரிகள் பேசியதை ரகசியமாகப் பதிவு செய்தார். புகாரை வாங்காதே, வாங்கினாலும் சின்னக் குற்றமாக எழுது, தெருவில் ஆட்களை நிறுத்திக் கணக்குக் காட்டு... இதுதான் சாராம்சம். 2009 அக்டோபரில் அதிகாரிகள் அவரை வீட்டிலிருந்து இழுத்துப்போய் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். ஆறு நாள்! பிறகு இலாகா விசாரணையே அங்கு கோல்மால் நடந்ததை ஒப்புக்கொண்டது. 2015-ல் நகர நிர்வாகம் 6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

தெருவில் நிறுத்திச் சோதனை போட்ட கதை? 2011-ல் மட்டும் 6 லட்சத்து 85 ஆயிரம் தடவை. பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். பத்தில் ஒன்பது பேர் மேல் ஒரு தப்பும் இல்லை. 2013-ல் நீதிமன்றம் குட்டு வைத்தது. 2017-ல் சோதனைகள் 12 ஆயிரத்துக்கும் கீழே. கொலைகள் எகிறியிருக்க வேண்டுமே? 300-க்கும் கீழே இறங்கின!

மேப்பிள் வைத்த புள்ளி, போலீஸ் எங்கே போகவேண்டும் என்று சொல்வதற்கு. அதுவே அதிகாரியின் மார்க் ஷீட் ஆனபோது, புள்ளியை அழிக்கும் ரப்பரும் கூடவே வந்தது. நடக்காத திருட்டுக்குப் புகார் இல்லை, சரி. நடந்த திருட்டுக்கும் புகார் இல்லையென்றால் வரைபடம் பளிச்சென்று இருக்கும். பறிகொடுத்தவர்தான் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.