உப்புக்காற்றும் பற்றாசும்

பற்றாசு என்பது பொற்கொல்லர் பட்டறையில் வழங்கிய சொல். நகைத் துண்டுகளை இணைக்க வெண்காரமிட்டு அவர்கள் உருக்கிய கலப்புலோகம் அது. வானொலியும் தந்தியும் வந்த பின்னர், ஈயமும் வெள்ளீயமும் கலந்த ஒட்டுக்கும் ஈழத்தவர் அச்சொல்லையே வழங்கினர். திருகோணமலையில் அது வெறும் தொழிற்சொல்லாக மட்டும் இருந்ததில்லை.

1942 ஏப்ரல் 8 ஆம் திகதி, யப்பானியக் கப்பற்படை நெருங்குவதை ரோந்து விமானமொன்று வானொலி மூலம் அறிவித்தது. அன்றிரவே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு வெளியேறின. மறுநாள் காலை குண்டுகள் விழுந்தன. வெளியேறிச் சென்ற 'ஹேர்மஸ்' விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஓர் அறிவித்தலின் பெறுமதியை அந்த இரு நாட்களும் உணர்த்தின. அந்த அறிவித்தலைச் சுமந்த கருவிகளோ நூற்றுக்கணக்கான சிறு ஈயத்துளிகளால் இணைக்கப்பட்டவை.

அக்காலத்திற் கரியடுப்பிலே காய்ச்சிய செப்புக்கோலே பலரிடம் இருந்தது. மின்சாரக் கோல் 1920களில் ஜேர்மனியில் 'ஏர்ஸா' நிறுவனத்தால் தொழிற்சாலை உற்பத்தியாகியது. நான் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில், கடற்படைத்தளத்தில் வேலை பழகிய முதியவர் ஒருவர் எனக்கு விளக்கினார்: பற்றாசை உருக்குவது கோல் அல்ல, கோலினாற் சூடேறிய கம்பியே. பற்றாசைக் கோலின் நுனியில் உருக்கிக் கம்பிமேல் அப்பினால் அது ஒட்டாது. அது குளிர்ந்து உறையும் வரை கம்பி அசையவும் கூடாது.

கோலைத் தெரிவதிலும் இதே நியாயம்தான். நுண்ணிய சுற்றுக்கு 25 வாற்று போதும். தடித்த கம்பிக்கும் தகரத்துக்கும் அதனைக் கொண்டு போனால் வெப்பம் ஓடிவிடும், ஒட்டு மங்கிச் சொரசொரப்பாகும்.

துறைமுக நகரத்துக்கு இன்னொரு பகை உண்டு. தகரவேலைக்காரர் நாகத்தை அமிலத்திற் கரைத்துப் பூசுவர். அதன் மிச்சம் ஈரக்காற்றை இழுத்துச் செம்பை அரிக்கும். உப்புக்காற்று அதற்குத் துணை. வானொலிக்குப் பைன்மரப் பிசின் மட்டுமே பொருந்தும். அன்று நல்லதாகத் தெரியும் ஒட்டு அடுத்த மாரியிலே பச்சை பூத்து அறும்.

1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கப்பல்கள் போயின, பழகிய கைகள் எஞ்சின. போர்க்காலத்தில் ஊரவருக்கு வானொலியே வெளியுலகம். அதனைப் பேச வைத்த திருத்தகங்களின் வரலாற்றை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஐரோப்பா 2006 இல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. ஈயக் கலவை 183 பாகையில் உருகியது. ஈயமற்றது ஏறத்தாழ 217 பாகையிலேயே உருகத் தொடங்குகிறது. எனவே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கோல் இன்று ஆடம்பரமன்று. ஆயினும் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், அந்த முதியவர் சொன்ன பொறுமையைக் கோல் கற்றுத் தராது.