புரூக்ளினில் ஒரு சங்கம், மலையில் ஓர் ஊர்

(வரலாற்றுத் துறை, 1972–75)

மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, எல்லாரும் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தியே எழுதுறாங்க. நீங்க வரலாறு படிச்சவர், வரலாறா ஏதாவது கொடுங்க" என்றார். சாம்பாரைப் பற்றி எனக்கும் நிறையச் சொல்ல உண்டு. இருந்தாலும் கேட்டபடியே கொடுக்கிறேன். இது நம்மைப் போன்ற ஒரு சங்கத்தின் வரலாறு. நடந்த இடம் அமெரிக்கா, ஆட்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள்.

சுவிஸ் என்றதும் நமக்குக் கடிகாரம், சாக்லேட், வங்கிக் கணக்கு இவைதான் ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டில் கதையே வேறு. மலைச்சரிவில் துண்டு நிலம், நெசவாளியின் பிழைப்பில் கை வைத்த இயந்திர ஆலை, பொய்த்துப்போன விளைச்சல். பிழைக்க வழியில்லாமல் கப்பலேறினார்கள். கிளாரஸ் என்ற மாநிலத்திலிருந்து வந்தவர்கள் 1845இல் விஸ்கான்சினில் அமைத்த ஊர்தான் நியூ கிளாரஸ். 1881 முதல் 1890 வரை, பத்தே ஆண்டுகளில், சுமார் 82,000 சுவிஸ் மக்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள்.

சங்கம் எதற்கு?

வந்த இடத்தில் சொந்தமில்லை, பந்தமில்லை. ஒருவன் காய்ச்சலில் படுத்தால் அந்த வாரக் கூலி போச்சு. செத்துப்போனால் அடக்கம் செய்யவும் ஆள் தேட வேண்டும். இன்றைய இன்சூரன்ஸோ, அரசாங்க ஓய்வூதியமோ அப்போது கிடையாது. அதனால்தான் சங்கம். ஆளுக்குக் கொஞ்சம் சந்தா, நோயாளிக்கு உதவித்தொகை, இறந்தவர் குடும்பத்துக்கு ஒரு தொகை. நம்மூர் மொய், சீட்டு மாதிரிதான். ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முறையாகக் கணக்கெழுதி நடத்தினார்கள். கூட்டுப் பாட்டு, உடற்பயிற்சி, துப்பாக்கி சுடும் போட்டி, பீர் எல்லாம் அதோடு சேர்ந்த கொண்டாட்டங்கள்.

பல சங்கங்களுக்கு வைத்த பெயர் 'குரூட்லி'. 1291இல் மூன்று மலை நாட்டார் ஒரு புல்வெளியில் கூடி, ஒருவருக்கொருவர் துணை நிற்போம் என்று சத்தியம் செய்ததாக மரபு. அந்தப் புல்வெளியின் பெயர்தான் குரூட்லி. இதே பெயரில் ஜெனீவாவில் 1838இல் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அமெரிக்காவிலோ 1865இல் 'குரூட்லி பண்ட்' என்ற கூட்டமைப்பு உருவானது. 1871இல் சிகாகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. மறு ஆண்டே அங்கிருந்த சுவிஸ்காரர்கள் ஓர் உதவிச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

ஊராக மாறிய சங்கம்

எனக்குப் பிடித்தது புரூக்ளின் குரூட்லி சங்கத்தின் கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் தொடங்கிய சங்கம் அது. நகரத்து நெரிசலில் இருந்துகொண்டே, "எல்லோரும் சேர்ந்து ஓர் இடத்தில் நிலம் வாங்கிக் குடியேறினால் என்ன?" என்று பேசினார்கள். நாமும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் இப்படி எத்தனையோ பேசியிருக்கிறோம். அவர்கள் பேசியதோடு விடவில்லை. 1869 அக்டோபரில் ஒரு குழுவை மேற்கு வர்ஜீனியாவுக்கு அனுப்பினார்கள். கிளார்க்ஸ்பர்க் வரை ரயில். அதன்பின் காட்டு மலையில் கால்நடை. பக்கனான் ஆற்றின் ஒரு கிளையோரம் ஓர் இடத்தைப் பிடித்து ஹெல்வெஷியா என்று பெயர் வைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் பழைய லத்தீன் பெயர் அது. ஆக, ஒரு சங்கம் ஓர் ஊராயிற்று!

2016இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னை அங்கே காரில் கூட்டிப்போனார். வளைந்து வளைந்து போகிற மலைப்பாதை. மரவீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், 'ஹூட்டே' என்ற ஓட்டல். சைவக்காரனான எனக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிடைத்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

தேய்ந்ததும் நிலைத்ததும்

சங்கங்களுக்கு மூன்று அடி விழுந்தது. முதலில் முதல் உலகப் போர். சுவிஸ்காரர்களில் பெரும்பாலோர் பேசியது ஜெர்மன். அந்த மொழியோ எதிரியின் மொழியாகிவிட்டது. ஐயோவா மாநில ஆளுநர் 1918இல், பொது இடத்திலும் டெலிபோனிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று அறிக்கையே விட்டார். இரண்டாவது, 1924இன் குடியேற்றச் சட்டம்: சுவிஸ்காரர்களுக்கு ஆண்டுக்கு 2,081 பேர்தான் என்று கதவைச் சாத்தியது. புது ரத்தம் வருவது குறைந்தது. மூன்றாவது அடி, நல்ல காரியத்தால் வந்தது. 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, முதியோர் ஓய்வூதியத்தை அரசாங்கம் ஏற்றது. பிறகு சந்தா கட்டுவானேன் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

தாக்குப்பிடித்தவர்களும் உண்டு. விஸ்கான்சினில் மன்றோ ஊர் உடற்பயிற்சிச் சங்கத்தின் 1868ஆம் ஆண்டு மண்டபம் 1936இல் எரிந்து சாம்பலானது. 1938இல் சுவிஸ் பாணியிலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள். பக்கத்து நியூ கிளாரஸில் 1928இல் ஆண்கள் பாடகர் குழு. 1938 முதல் வில்லியம் டெல் நாடகம். ஹெல்வெஷியாவில் 1960களின் பிற்பகுதியிலிருந்து, மாசி வாக்கில் முகமூடித் திருவிழா. நள்ளிரவில் 'கிழட்டுக் குளிர்காலம்' என்ற பொம்மையைக் கொளுத்துவார்கள், நம்ம போகி மாதிரி. 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை 38. விழாவுக்கு வருகிறவர்களோ நூற்றுக்கணக்கில்.

நம் கதைக்கு வருவோம்

போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார்: "வாட்ஸப் குரூப் இருக்கே, சங்கம் எதுக்குய்யா?" அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

1973 டிசம்பரில் அப்பா காலமானார். மூன்று மாத மெஸ் பாக்கி. படிப்பை விட்டுவிடுவது என்று டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். மறுநாள் மெஸ் ஆபீசில், "உன் பாக்கி கட்டியாச்சு தம்பி" என்றார்கள். இரண்டாம் பிளாக் பையன்கள் ஆளுக்கு மூணு ரூபாய், அஞ்சு ரூபாய் போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று நமக்கு லெட்டர்பேடும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. ஆனாலும் அன்று இருந்தது சங்கம்.

இப்போது நாம் ஆண்டுக்கொரு முறை கூடுகிறோம், சாப்பிடுகிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம். கொண்டாட்டம் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போன வருடம் நம் செட் நண்பர் ஒருவர் ஆறு மாதம் டயாலிசிஸில் கிடந்த விஷயம், இரங்கல் செய்தி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த குரூப்பில் தினமும் குட்மார்னிங் போட்டவன் நான்.

சுவிஸ்காரர்கள் உதவியில் தொடங்கி விழாவில் முடிந்தார்கள். அங்கே உதவி செய்ய அரசாங்கம் வந்தது. இங்கே நமக்கு அந்தச் சாக்கு இல்லை. இந்த வருடமே மருத்துவ உதவி நிதி ஒன்று தொடங்குவோம். ஆஸ்டலில் சாப்பாடு முடிந்ததும் பொதுக்குழு. தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். முதல் தொகை என்னுடையது. 1973இல் வாங்கிய கடன், வட்டியோடு.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!