வாதாபிக்குப் பிறகு

என் பத்து வயசுப் பையனுக்கு ராத்திரி ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக "சிவகாமியின் சபதம்" சொல்லிக்கொண்டு வந்தேன். தமிழ் நன்றாகப் பேசுவான், படிக்க வராது. மாரெட்பள்ளியில் வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் ஹிந்தியும்தான். அதனால் கல்கியின் நாலு பாகத்தையும் நான்தான் வாயால் ஓட்ட வேண்டியிருந்தது. மூன்று மாதம் ஆயிற்று. போன வெள்ளிக்கிழமை ஒருவழியாக வாதாபி எரிந்து, சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் ஆடி, மாமல்லர் சத்தமில்லாமல் கிளம்பிப் போனார். சுபம் போட்டு விளக்கை அணைத்தால் இருட்டில் ஒரு கேள்வி.

"அப்புறம் பரஞ்சோதி என்னப்பா பண்ணாரு?"

"சண்டையே வேண்டாம்னு ஊருக்குப் போயிட்டாருடா."

"ஊருக்குப் போய்?"

அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

யோசித்துப் பாருங்கள், நம் கதைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கதவைச் சாத்திக்கொள்கின்றன. கம்பர் ராமனுக்கு முடி சூட்டியதோடு எழுத்தாணியைக் கீழே வைத்துவிட்டார். உத்தர காண்டம் அவர் பாடியதில்லை. பதினாலு வருஷம் காட்டில் படுத்தவனுக்கு அரண்மனைக் கட்டிலில் தூக்கம் வந்ததா என்று நாமும் கேட்பதில்லை. கிரேக்கத்து ஒடிஸியஸ் கதை இன்னும் மோசம். பத்து வருஷம் சண்டை, பத்து வருஷம் அலைச்சல், கடைசியில் வீடு வந்து சேர்ந்தால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சண்டை போட்டுத்தான் மனைவி பக்கத்தில் உட்கார முடிகிறது.

பரஞ்சோதி விஷயம் வேறு. சிவகாமி, ஆயனர், நாகநந்தி எல்லாம் கல்கியின் கற்பனை. பரஞ்சோதி அப்படி இல்லை. கல்கி 1944-ல் தொடரை ஆரம்பிப்பதற்குச் சுமார் எண்ணூறு வருஷம் முன்னாலேயே அவருடைய இரண்டாம் பாகத்தைச் சேக்கிழார் எழுதி வைத்துவிட்டார். பையன் கேட்ட "ஊருக்குப் போய்?" அங்கேதான் இருக்கிறது.

முதலில் சண்டை. சாளுக்கிய இரண்டாம் புலிகேசி சாதாரண ஆள் இல்லை. வடக்கே ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவர். பல்லவ ராஜாவைக் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் ஒளிய வைத்தேன் என்று அவர் தரப்பில் 634-ஐ ஒட்டி ஐஹொளெயில் கல்லில் வெட்டியே வைத்தார்கள். அதற்குப் பதில் 642-ல் வந்தது. மணிமங்கலம், பரியளம், சூரமாரம் ஆகிய இடங்களில் புலிகேசி தோற்றதைக் கூரம் செப்பேடு சொல்கிறது. தோற்று ஓடியவர் முதுகையே ஏடாக்கி, நரசிம்மவர்மன் அதில் "விஜயம்" என்று எழுதினான் என்று கவித்துவமாக வேறு! பிறகு வாதாபி விழுந்தது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றும் பாதாமியில் பாறையில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு புலிகேசியின் மகன் விக்கிரமாதித்தன் ஊரைத் திரும்பப் பிடித்துவிட்டார் என்பது வேறு கதை. (எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால் சென்னையை விட பாதாமிதான் பக்கம். இன்னும் போனதில்லை. வெட்கம்தான்.)

இந்தச் சண்டையில் படை நடத்தியவர் திருமருகல் பக்கத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரர் பரஞ்சோதி. மாமாத்திரர் குலம். ஆயுர்வேதம் படித்தவர், யானையேற்றம் குதிரையேற்றம் தெரிந்தவர் என்கிறார் சேக்கிழார். ராஜாவின் பெயரை அவர் சொல்லவில்லை. வாதாபியைத் துகளாக்கியதைச் சொல்கிறார். சிறுத்தொண்டரைச் சம்பந்தர் தம் பதிகத்தில் பெயர் சொல்லிப் பாடியிருப்பதால், அதை வைத்துத்தான் சம்பந்தரின் காலமே 7-ம் நூற்றாண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஆக, ஆள் கட்டுக்கதை இல்லை.

கல்கியின் பரஞ்சோதி எரிந்த ஊரைப் பார்த்து மனம் கசந்து தானே வாளைக் கீழே வைக்கிறார். சேக்கிழாரின் பரஞ்சோதி அப்படிச் செய்யவில்லை. பொன்னும் மணியும் யானையும் குதிரையுமாகக் கொண்டுவந்து ராஜா முன்னால் நிறுத்துகிறார். (பிரபலமான வாதாபி கணபதி இந்தப் பட்டியலில் இல்லை.) இவர் சிவனடியார், அதனால்தான் எதிர்க்க ஆளில்லை என்று மந்திரிகள் சொல்ல, ராஜா பதறிப்போகிறார். ஓர் அடியாரையா போர்க்களத்துக்கு அனுப்பினேன் என்று மன்னிப்புக் கேட்கிறார். என் வேலையைத்தானே செய்தேன், இதில் என்ன தீங்கு என்கிறார் தளபதி. ராஜா நிறையப் பொருள் கொடுத்து, வேலையில் இருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். மன்னிப்புக் கேட்டவர் ராஜா. தளபதிக்கு உறுத்தலே இல்லை.

வீட்டில் மனைவி திருவெண்காட்டு நங்கை, குழந்தை சீராளன். தினமும் ஓர் அடியாருக்காவது சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பாடு. அடியார் முன்னால் தன்னைச் சிறியவராக்கிக் கொண்டதால் பெயரே சிறுத்தொண்டர் ஆகிவிட்டது. இங்கேயே சுபம் போட்டிருக்கலாம். போடவில்லை. ஒரு நாள் பைரவர் வேஷத்தில் ஒருவர் வந்து ஆத்தி மரத்தடியில் உட்காருகிறார். ஒரு குடிக்கு ஒரே பிள்ளையாக, ஐந்து வயசுக் குழந்தையாக, தாய் பிடிக்கத் தகப்பன் அரிந்து சமைத்த கறிதான் வேண்டும் என்கிறார். மீதி உங்களுக்குத் தெரியும். சமைக்கிறார்கள். சாப்பிட உன் பிள்ளையையும் கூப்பிடு என்கிறார் வந்தவர். தெருவில் நின்று கூப்பிட்டால், பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிற மாதிரி சீராளன் ஓடி வருகிறான். திருச்செங்காட்டங்குடியில் இன்றும் சித்திரைப் பரணியில் அமுதுபடையல் விழா.

சின்ன வயசில் இதைப் பக்திக் கதையாகக் கேட்டேன். அப்பாவான பிறகு கேட்கவே முடிந்ததில்லை. இப்போது இன்னொன்று கண்ணில் படுகிறது. வாதாபிக்குப் போ என்றார்கள், போனார். துகளாக்கு என்றார்கள், ஆக்கினார். பிள்ளையைக் கொண்டுவா என்றபோதும் ஏன் என்று கேட்கவில்லை. தளபதி வீட்டுக்கு வந்துவிட்டார், வாளையும் வைத்துவிட்டார், பெயரைக்கூட மாற்றிக்கொண்டார். கட்டளை என்றால் எழுந்து நிற்கும் அந்தப் பழக்கத்தை மட்டும் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. அது வாசல் தாண்டி அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. துகளான ஊரிலும் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? சேக்கிழார் இந்த இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. அது என் வாசிப்பு, தப்பாகவும் இருக்கலாம்.

இந்தக் கதை தெலுங்கிலும் உண்டு. ஸ்ரீநாதரின் ஹரவிலாசத்தில் சிறுதொண்டநம்பி காஞ்சிபுரத்து வணிகர். கன்னடத்தில் சிரியாள செட்டி. அங்கே வாதாபியும் இல்லை, படையும் இல்லை. பிள்ளைக்கறி மட்டும் அப்படியே இருக்கிறது. வாதாபி இருக்கும் கன்னட நாட்டிலேயே வாதாபியை எரித்தவர் வியாபாரியாகிவிட்டார்! ஒரு வீரன் முழுசாகச் சாதாரண மனிதன் ஆவது என்றால் இப்படித்தான் போலிருக்கிறது. மற்றவர்கள் மறந்துவிட வேண்டும்.

நிற்க. மாரெட்பள்ளி கண்டோன்மெண்ட்டை ஒட்டிய இடம். 1806-ல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரை வைத்த நாளில் இருந்தே செகந்திராபாத் பட்டாளத்து ஊர்தான். தமிழர்கள் பலர் இங்கே வந்ததே மெட்ராஸ் படைக்குப் பின்னாலேதான். இன்றைக்கும் தெருவுக்கு நாலு ரிட்டயர்ட் பட்டாளத்துக்காரர்கள். எங்கள் கீழ் வீட்டில் வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர்; சுபேதாராக ஓய்வு பெற்றவர். காலை நாலரைக்கு எழுந்து போர்வையை ஸ்கேல் வைத்த மாதிரி மடித்து வைப்பார் என்று அவர் வீட்டம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். 1987-ல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனவர். அதைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார். "எல்லா இடத்துலயும் பாஷை புரியாது தம்பி, சுலபம். அங்க புரிஞ்சுது."

1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோழர்களை இழந்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இரண்டு பக்கத்துக் கணக்கும் உண்மைதான். அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பரஞ்சோதிக்கு மன்னிப்புக் கேட்க ஒரு ராஜா இருந்தார், இவர்களுக்கு யாரும் இல்லை என்று மட்டும் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுபேதார் சாரிடம் பையனின் கேள்வியைச் சொன்னேன். சிறுத்தொண்டர் கதை அவருக்கும் தெரியும், கோயில் உபன்யாசத்தில் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கறியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் பிடித்துக்கொண்டது வேறு இடம்.

"கூப்பிட்டதும் அந்தப் புள்ள ஓடி வந்துச்சு பாரு தம்பி, அது சாமி வந்த வீடு. நமக்கெல்லாம் கூப்பிட்டா யாரும் வர்றதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "சோறு போட்டாரே, அது சரி. அது செய்யலாம்" என்றார்.

அவர் வீட்டு வாசலில் தினமும் மத்தியானம் தெருப் பெருக்கும் அம்மாவும் கூரியர் பையனும் உட்கார்ந்து சாப்பிடுவதை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று ராத்திரி பையனுக்குப் பதில் சொன்னேன். பரஞ்சோதி ஊருக்குப் போய் தினமும் யாராவது ஒருவருக்குச் சோறு போட்டுவிட்டு அப்புறம் சாப்பிட்டார் என்றேன். மீதியை அவனுக்கு இன்னும் கொஞ்சம் வயசானதும் சொல்ல வேண்டும்.

"தினமுமா?"

"தினமும்."

"போர் அடிக்காதா?"

அடிக்கும்டா, அதுக்குத்தான் போட்டாரு என்றேன். புரிந்ததோ என்னவோ, திரும்பிப் படுத்துக்கொண்டான்.