மின்னிணைப்பி முனைய அகற்றல்

மின்னிணைப்பி முனைய அகற்றல் என்பது ஊர்திகளின் மின்கம்பித் தொகுதியில் உள்ள நெகிழி இணைப்பியிலிருந்து, கம்பியை வெட்டாமல், அதன் உலோக முனையத்தை மட்டும் வெளியே எடுக்கும் பழுதுபார்ப்பு முறையாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இணைப்பி கப்ளர் என்றும், முனையம் பின் அல்லது டெர்மினல் என்றும், மின்கம்பித் தொகுதி வயரிங் என்றும் வழங்கப்படுகின்றன.

தேவை

ஈரத்தால் முனையத்தில் களிம்பு படிந்தாலோ, அதன் பிடி தளர்ந்தாலோ தொடுமின்தடை உயரும். எடுத்துக்காட்டாக, 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும் சுற்றில் 0.1 ஓம் கூடுதல் தடை ஏற்பட்டால், 1 வோல்ட்டு மின்னழுத்தம் இழக்கப்படுவதுடன் 10 வாட்டு வெப்பமும் அச்சிறு இடத்திலேயே வெளிப்படும். இதனால் விளக்கு மங்கும். நெகிழி உருகித் தீப்பற்றவும் கூடும். கம்பியை வெட்டி முறுக்கி ஒட்டுநாடா சுற்றுவது விரைவான வழியாயினும், அவ்விணைப்பு அதிர்விலும் ஈரத்திலும் மீண்டும் பழுதாகும்.

மதுரை மாவட்டத்திலுள்ள திருமங்கலம், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பிரியும் ஊராகும். இத்தகைய நெடுஞ்சாலைச் சந்திப்புகள் வழியே தொலைதூரம் செல்லும் சரக்குந்துகளுக்கும் பேருந்துகளுக்கும், நெடுநாள் நிலைக்கும் பழுதுநீக்கம் இன்றியமையாதது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய ஊர்திகளில் உணரிகளும் அவற்றின் இணைப்பிகளும் பெருகியுள்ளன. உணரிகளின் குறிகை மின்னழுத்தம் சிறியதாதலால், சிறு தொடுமின்தடையும் தவறான அளவீட்டைத் தரக்கூடும்.

அமைப்பு

முனையம் உறையினுள் ஒரு பூட்டினால் நிறுத்தப்படுகிறது. இப்பூட்டு இருவகைப்படும். ஒன்றில், முனையத்திலிருந்து வெளிநோக்கி வளைந்த உலோக நாக்கு உறையின் விளிம்பில் தடுத்து நிற்கும். மற்றொன்றில், உறையிலுள்ள நெகிழி நாக்கு முனையத்தைப் பற்றியிருக்கும். பல இணைப்பிகளில் இவற்றோடு இரண்டாம் பூட்டு ஒன்றும் உண்டு.

செய்முறை

1. மின்கலத்தின் எதிர்முனை கழற்றப்படுகிறது.
2. ஒவ்வொரு கம்பியின் நிறமும் குழியின் இடமும் குறித்துக்கொள்ளப்படுகின்றன.
3. இணைப்பி பிரிக்கப்பட்டு, இரண்டாம் பூட்டு விடுவிக்கப்படுகிறது.
4. கம்பி சற்று உள்நோக்கித் தள்ளப்படுகிறது. இதனால் நாக்கின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது.
5. இணைப்பியின் முகப்புப் பக்கமாக மெல்லிய கருவி செலுத்தப்பட்டு நாக்கு விலக்கப்படுகிறது.
6. கம்பி பின்புறமாக மென்மையாக இழுக்கப்படுகிறது.

எளிதில் வராத முனையத்தை வலிந்து இழுத்தல் கூடாது; பூட்டு முழுமையாக விடுபடவில்லை என்பதே அதன் பொருள். சில வகைகளில் முனையம் முகப்புப் பக்கமாகவே வெளிவரும் என்பதால், முதலில் இணைப்பியின் வகையை அறிதல் வேண்டும்.

மீளப் பொருத்துதல்

உலோக நாக்கு அமுங்கியிருந்தால் அது மீண்டும் வெளிநோக்கி வளைக்கப்படுகிறது. முனையம் 'டிக்' என்னும் ஒலி கேட்கும் வரை தள்ளப்பட்டு, பின்னர் கம்பியை இலேசாக இழுத்து அதன் பிடிப்பு சோதிக்கப்படுகிறது. ஈரத்தடுப்பு இரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றப்பட வேண்டும். முனையம் இடம்மாறிப் பொருத்தப்பட்டால் உருகி எரிவதோடு, கட்டுப்பாட்டகமும் பழுதடையலாம்.

எச்சரிக்கை

காற்றுப்பைகளின் இணைப்பிகள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் தவறாகக் கைவைத்தால் காற்றுப்பை திடீரென விரிந்து காயம் விளைவிக்கக்கூடும். விபத்தின்போது விரியாமலும் போகலாம். எனவே இவற்றை உற்பத்தியாளரின் கையேட்டின்படி, பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.