எம்.பி.ஏ. என்னும் மூன்றெழுத்து: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் யோசனை

சங்கக் கூட்டம் எப்போது நடந்தாலும், படிப்பை முடிக்கப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எம்.பி.ஏ. எங்க படிக்கலாம்?" மலர்க் குழுவினர் இடம் ஒதுக்கித் தந்திருப்பதால் அந்தப் படிப்பின் கதையையே பதிலாக எழுதுகிறேன். சரித்திரம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1881-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி தொடங்கியபோது அங்கே இருந்தது இளங்கலைப் படிப்பு. வணிகத்தில் முதுகலை வந்தது 1900-ல், டார்ட்மவுத் கல்லூரியின் டக் பள்ளியில். எம்.பி.ஏ. என்ற பெயரில் முதலில் பட்டம் கொடுத்தது 1908-ல் ஆரம்பமான ஹார்வர்டு வணிகப் பள்ளி. உண்மையான கம்பெனிகளின் சிக்கல்களை வகுப்பில் அலசும் முறையை வளர்த்ததும் அதுதான். 1943-ல் சிகாகோ பல்கலைக்கழகம், வேலையை விடாமலே படிக்க வழி செய்தது. பிரான்சில் 1957-ல் உருவான இன்சியாட், ஒரே வருஷத்தில் முடிக்கும் எம்.பி.ஏ.வைக் கொண்டுவந்தது. ஆக, ஆளுக்கும் தேவைக்கும் தகுந்தபடிதான் இந்தப் படிப்பு பல உருவம் எடுத்திருக்கிறது.

நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில் 1949-ல் சேசு சபையினர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யைத் தொடங்கினார்கள். 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தன. முன்னதற்கு எம்.ஐ.டி.யும் பின்னதற்கு ஹார்வர்டும் கைகொடுத்தன. ஆமதாபாத்தில் முன்னின்று உழைத்தவர் விக்ரம் சாராபாய்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 1956-ன் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, பல்கலைக்கழகங்களும் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் தரலாம். ஐ.ஐ.எம்.களோ சங்கங்களாகப் பதிவானவை. அதனால் அரை நூற்றாண்டுக்கும் மேல் அவை கொடுத்தது வெறும் டிப்ளமாதான்! ஐ.ஐ.எம். சட்டம் அமலுக்கு வந்த 2018-க்குப் பிறகே பட்டம் கொடுக்க ஆரம்பித்தன. "டிப்ளமாவா, பட்டமா?" என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். ஆனால் ஒன்று. பேர் தெரியாத தனியார் நிறுவனம் டிப்ளமா கொடுத்தால், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீங்க.

தமிழ்நாட்டிலும் வாய்ப்புக்குக் குறைவில்லை. சென்னையில் லயோலா வளாகத்து லிபா 1979-லும், திருச்சியில் பாரதிதாசன் மேலாண்மைப் பள்ளி 1984-லும், அதே ஊரில் ஐ.ஐ.எம். 2011-லும் தொடங்கின. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதிப் பல கல்லூரிகளில் சேரலாம்.

சென்னையில் ஒரு கம்பெனியில் பல வருஷம் ஆள் எடுக்கும் குழுவில் இருந்தவன் நான். நேர்முகத்துக்கு வந்த ஒரு பையனின் கதை இது. அவனுடைய அப்பா நிலத்தை அடகு வைத்து ஒரு கல்லூரியில் சேர்த்திருந்தார். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது அந்த வருஷம் ஒரே ஒரு மாணவனுக்குக் கிடைத்த சம்பளம். மற்றவர்கள் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. இவனுக்குக் கிடைத்த முதல் வேலையின் சம்பளம் வட்டிக்கே சரியாகப் போயிற்று.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, "அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்காதீங்க. வரிசையின் நடுவில் நிற்பவன் என்ன வாங்கினான் என்று கேளுங்க. 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் இடம்பெறும் கல்லூரிகள் தரும் விவரத்தில் அந்த எண் இருக்கும். முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர், போன வருஷம் வந்த கம்பெனிகள் எவை, கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு, இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதிப் பாருங்க. எந்தத் துறை என்றே தெரியவில்லையா? இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த இடத்தைப் பற்றி நம் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால், நல்லதையும் கெட்டதையும் உள்ளபடி சொல்லுங்கள். நிலம் அடகுக்குப் போகுமுன் ஒரு அண்ணன், ஒரு அக்கா சொல்லும் உண்மை, பளபளக்கும் நூறு விளம்பரங்களைவிட மேலானது.