சோற்றைப் பற்றிக் கேட்ட சோதனைக்கூடம்

கோலாலம்பூரில் 1900இல் நோயியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டபோது, மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கால் வீங்கி, இதயம் தளர்ந்து செத்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், வாய்வழி நுழையும் ஒரு கிருமிதான் காரணம் என்று உறுதியாக நம்பினார். தோட்டத் தமிழர்களை மட்டும் அந்த நோய் ஏன் அவ்வளவாக நெருங்கவில்லை என்பதற்கு அதில் விடை இல்லை. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. சீனர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி.

நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-06இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் அதைச் சோதித்தார். பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசி, மீதிப் பேருக்குப் பச்சரிசி. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் சாகவில்லை. மறுத்துப் பேச வழியில்லாத மனநோயாளிகள் கொடுத்த விலை அது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று இன்று அறியப்படும் அந்த நிலையத்தின் வரலாற்றைச் சொல்லும் எவரும் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் நோயை எடைபோட முடியாது என்பது தமிழ் வைத்தியத்துக்குப் பழைய பாடம். சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில், சோதனைக்கு முந்தைய நாள் நோயாளி வேளை தவறாமல், அளவோடு உண்டிருக்க வேண்டும். விடியலில் பிடித்த சிறுநீரை ஒரு முகூர்த்தத்துக்குள் பார்த்துவிட வேண்டும். அதன்மேல் விடும் நல்லெண்ணெய்த் துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். இந்த வாசிப்பை இன்றைய ஆய்வகம் ஏற்பதில்லை. ஆனால் முந்தைய நாளின் உணவைக் கணக்கில் எடுத்த கவனம் மதிக்கத்தக்கது.

உணவு மட்டுமல்ல, மனக்கலக்கமும் சிறுநீரில் தடம் விடுகிறது என்பதை அமெரிக்காவில் வால்டர் கேனன் காட்டினார். 1913இல் ஹார்வர்டு கால்பந்து அணியின் 25 பேரைப் பருவத்தின் இறுதி ஆட்டம் முடிந்த கையோடு சோதித்ததில் 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐந்து பேர் களத்தில் இறங்கவே இல்லை, ஓரமாக உட்கார்ந்து பதறியவர்கள். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது என்று கேனன் விளக்கினார். பின்னாளில் சர்க்கரையை விட்டு ஹார்மோனையே அளக்கும் முறைகள் வந்தன.

அப்படி அளக்கப்படும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசோல் விடியலில் ஏறி நள்ளிரவில் இறங்கும். அதனால் ஒரு வேளை நீர் போதாது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் நீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் நீர் வரை முழுவதையும் குடுவையில் சேர்க்க வேண்டும். ஒரு வேளை தவறினாலும் கணக்கு பிசகும். கடன், வேலை நெருக்கடி, பிள்ளைகளைப் பற்றிய கவலை ஆகியவற்றை அளக்க வந்த சோதனையும் அல்ல இது. குஷிங் நோய்போல் ஹார்மோன் கட்டுக்கடங்காமல் சுரக்கும் நிலையைப் பிடிப்பதற்கானது. ஒரே முடிவை நம்பாமல் குறைந்தது இரண்டு முறை எடுப்பதே மருத்துவர்களின் வழக்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூட்டு வலிக்கென்று விற்கும் பதிவில்லாத ‘பாரம்பரிய’ மாத்திரைகளிலும் பொடிகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக, பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை எச்சரித்திருக்கிறது. அதை மாதக்கணக்கில் விழுங்கியவருக்கு முகம் நிலாபோல் உப்பும், தோல் மெலியும், சர்க்கரை ஏறும். பார்த்தால் குஷிங் நோயாளிதான். ஆனால் வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு உடலின் சொந்தச் சுரப்பை அடக்கிவிடுவதால், சிறுநீரில் கார்ட்டிசோல் மிகக் குறைவாகவே தெரியும். முடிவுத்தாளும் முகமும் இப்படி முரண்படும்போது, அந்த மாத்திரையையும் பொடியையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறார் மருத்துவர்.